வலது கால் மாநாடு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு காரியம் உலகத்தில் நடந்திருக்கிறதென்றால், அது போன வருஷம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் நடந்ததுதான். பத்திரிகைகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. விளம்பரம் கொடுத்த ஒரு பத்திரிகை மட்டும் கண்டுகொண்டது. அதுவும் எங்கள் படத்தைக் கொண்டுபோய்க் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் போட்டுவிட்டது. ஆகவே இந்த வரலாற்றை நானே எழுத வேண்டியதாயிற்று.

என் பெயர் புகழேந்தி. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நடக்காத கூட்டத்துக்கும் நடந்த மாதிரி மினிட்ஸ் எழுதக் கூடியவன் என்று சர்வீசில் எனக்கு நல்ல பெயர். அந்தத் திறமைக்காகத்தான் ‘கால் ரத்தக்குழாய்ப் பட ஒப்பாய்வுப் பேரவை’ என்னைக் கௌரவச் செயலாளராக்கித் தன்னைக் கௌரவப்படுத்திக்கொண்டது.

பேரவையின் பெயரைப் படித்து மூச்சு வாங்குபவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வயசு ஏற ஏற, பீடி புகையப் புகைய, சர்க்கரை கூடக் கூட, காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் உப்புத் தண்ணீர் ஓடின பைப் மாதிரி உள்ளே படிந்து சுருங்கிவிடும். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். கவனிக்காமல் விட்டால் விரல் கறுக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் கால் போய்விடும். அடைப்பு எங்கே இருக்கிறதென்று பார்க்கப் பல வழி உண்டு. டாப்ளர் என்பது ஒலியை அனுப்பிப் பார்ப்பது. சி.டி. ஆஞ்சியோ என்பது கையில் மருந்தை ஏற்றிக் கதிரால் பார்ப்பது. எம்.ஆர். என்பது காந்தக் குகைக்குள் ஆளைத் தள்ளிப் பார்ப்பது. இதில் எது உசத்தி என்று பெரிய பெரிய தேசங்களெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் திண்டிவனம் முந்திக்கொண்டது.

முந்த வைத்தவர் டாக்டர் கோதண்டபாணி. திண்டிவனத்தில் ஸ்கேன் சென்டர் வைத்திருப்பவர். அப்போது நான் அங்கே ‘நிர்வாக ஆலோசகர்’. அதாவது வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்பவன். டாக்டர் புதிதாக ஒரு டாப்ளர் மெஷின் வாங்கினார். திறப்பு விழாவுக்கு ஊர்ப் பிரமுகர் ஒருவரை அழைத்தார். மெஷினுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து மாலை போட்டாகிவிட்டது. அதன் சின்னச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான், ஒரு நோயாளியும் வேண்டுமே என்பது டாக்டருக்கு நினைவு வந்தது.

“புகழேந்தி சார், ஜல்தியா போய் யார் காலையாவது புடிச்சிக்கினு வாங்க,” என்றார்.

காலைப் பிடிப்பதில் எனக்கு முழு சர்வீசின் அனுபவம் இருந்தது. நேரே, விளைபொருள் ஏலம் போடுகிற மார்க்கெட் கமிட்டிக்குப் போனேன். மல்லாட்டை சீசன்; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். முதுகில் மூட்டையோடு ஒருவர் கொஞ்ச தூரம் நடப்பதும், நின்று பல்லைக் கடிப்பதும், மறுபடி நடப்பதுமாக இருந்தார். பார்த்த உடனே என் மனசு குளிர்ந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் போட வேண்டிய கால்.

அவர் சின்னக்கண்ணு. ஓமந்தூர்ப் பக்கத்துக்காரர். மூட்டை தூக்கித்தான் குடும்பம் நடக்கிறது. கொஞ்ச நாளாக இடது கெண்டைக்கால் இழுக்கிறது, இடது சுண்டு விரல் வேறு ஒரு மாதிரி ஊதா நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கால் நின்றுபோனால் வேலையும் நின்றுபோகும். இதையெல்லாம் அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“இலவசமா படம் எடுக்கறாங்க,” என்றேன்.

“இலவசம்னா அப்புறமா இன்னா கேப்பாங்க?” என்றார் பக்கத்தில் மல்லாட்டை கூட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கெங்கம்மாள். நம்பிக்கை இல்லாத அம்மா.

“ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா. காலைக் காட்டினா போதும்.”

நான் சொன்னது எவ்வளவு உண்மை என்பது பிற்பாடு நிரூபணமாயிற்று. கடைசி வரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. பிரமுகர் தாமதமாக வந்தார். நல்ல நேரம் முடிந்து ராகு காலம் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. “வலது காலை எடுத்து வெச்சி உள்ள வாங்க,” என்று டாக்டர் சின்னக்கண்ணுவை வரவேற்றார். அவரும் அப்படியே வந்து படுத்து, லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கி இடது காலை நீட்டினார்.

டாக்டர் கையில் ஜெல்லோடு பிரமுகரைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாப்பா இது,” என்றார் பிரமுகர். “மெஷினுக்கு மொத போணி. எடுத்த எடுப்புல இடது காலா?”

“நோவுறது இதுதானுங்க,” என்றார் சின்னக்கண்ணு.

“நோவட்டும், வேணாங்கல. மொதல்ல மங்களகரமா வலது கால்ல ஆரம்பிப்போம். இடது எங்க ஓடிப் போயிடப் போவுது?”

அந்தக் காலால் ஓட முடியாது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. டாக்டர் வலது காலில் ஜெல்லைத் தடவினார். மெஷின் புஸ்ஸு புஸ்ஸு என்று ரத்தம் ஓடுகிற சத்தத்தை எழுப்பியது. எல்லாரும் கை தட்டினோம். ‘வலது கால்: ரத்த ஓட்டம் மிகச் சிறப்பு. அடைப்பு எதுவும் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. முதல் ரிசல்ட்டே நல்ல ரிசல்ட் என்று பிரமுகருக்குப் பரம திருப்தி. இடது காலில் ஜெல்லைத் தடவப் போன நேரத்தில் ராகு காலம் உள்ளே வந்துவிட்டது. மெஷினை அணைத்துவிட்டுப் பொங்கல் வடை சாப்பிடப் போனோம். சாப்பிட்ட கையோடு டாக்டர் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

“இடது காலு?” என்று கெங்கம்மாள் என்னைக் கேட்டார்.

“இன்னொரு நாள் வாங்கம்மா. செருப்பு அந்தப் பக்கம் இருக்குது பாருங்க,” என்றேன்.

இவ்வளவோடு விட்டிருந்தால் அது வெறும் திறப்பு விழாவாகவே போயிருக்கும். வரலாறு விழுப்புரத்திலிருந்து வந்தது. அங்கே சி.டி., எம்.ஆர். இரண்டும் வைத்திருக்கிற டாக்டர் தட்சிணாமூர்த்தி, ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி, “டாப்ளர்லாம் ஒரு படமா? ஆடி மாசத்து மேகம் கணக்கா கீது,” என்று சொல்லிவிட்டார். பாயசம் வருவதற்கு முன்னாலேயே சேதி திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கோதண்டபாணிக்கு முகம் சிவந்துபோயிற்று.

“ஒரு கை பாத்துடலாம் வரச் சொல்லுங்க,” என்றார்.

ஒரு கால் பார்த்துவிடலாம் என்று நான்தான் திருத்தினேன். இப்படித்தான் பேரவை பிறந்தது.

முதல் கூட்டம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் மாடியில், மிகுந்த ‘கட்டுப்பாட்டோடு’ நடைபெற்றது. ஆளுக்கு ஒரு போண்டாவுக்கு மேல் இல்லை. ஆய்வுக் காலும் அழைக்கப்பட்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, ஸ்டாண்டின் நீளத்தை நின்று நின்று கடந்து, மாடிப்படியையும் ஏறி வந்து கடைசி வரிசையில் சின்னக்கண்ணு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. கெங்கம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“ஒப்பிடறதுன்னா முறையா ஒப்பிடணும்,” என்றார் தட்சிணாமூர்த்தி. “டாப்ளர் எந்தக் காலைப் பாத்துதோ, அதே காலைத்தான் என் மெஷினும் பாக்கணும். வேற காலைப் பாத்தா ஆராய்ச்சி எங்க நிக்கும்?”

“வலது காலில் நிற்கும்,” என்று தீர்மானத்தை எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது.

சின்னக்கண்ணு மெதுவாக எழுந்தார். “ஐயா, எனக்கு நோவுறது...”

“சொல்லாதீங்க,” என்று இரண்டு டாக்டர்களும் ஒரே நேரத்தில் கையை நீட்டித் தடுத்தார்கள். அவர்கள் ஒரே குரலில் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். படம் பார்க்கிறவருக்கு நோயாளியின் நோவு இன்னதென்று முன்கூட்டித் தெரிந்துவிட்டால் அவர் மனசு சாய்ந்துவிடுமாம். அதனால் கண்ணைக் கட்டின மாதிரி பார்ப்பதுதான் நேர்மையான ஆராய்ச்சி என்று தட்சிணாமூர்த்தி விளக்கினார்.

“அப்படின்னா நோவு எங்கன்னு யாருக்குத் தெரியணுங்க?” என்று நான் மினிட்ஸ் சரியாக இருக்க வேண்டுமே என்று கேட்டேன்.

“யாருக்குமே தெரியக் கூடாது. அதுதான் ஒசத்தி.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சர்க்கார் ஆபீசில் அத்தனை வருஷம் இதையேதான் செய்துகொண்டிருந்தோம், அதற்கு இவ்வளவு பெரிய மரியாதை உண்டென்று தெரியாமலே.

சி.டி. எடுக்கிற அன்றைக்கு ஒரு சிறு சங்கடம் நேர்ந்தது. அந்த மெஷின் கொஞ்சம் அவசரக்குடுக்கை. வலது காலை மட்டும் எடு என்றால் கேட்காமல் இரண்டு காலையும் சேர்த்தே எடுத்துவிட்டது. வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டினார்கள். வலது பக்கம் ரத்தக்குழாய் தென்னம்பாளை மாதிரி அழகாக இறங்கியிருந்தது. இடது பக்கம் தொடை வரைக்கும் வந்த கோடு பாதியில் அறுந்து, கீழே ஒன்றையுமே காணோம். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“இடது கால் நம்ம ஆய்விலே இல்லியே,” என்றார் கோதண்டபாணி.

“இல்லைதான். பாக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்,” என்றார் தட்சிணாமூர்த்தி. கத்தரிக்கோலை எடுத்துப் படத்தை நேர்கோட்டில் வெட்டினார். இடது பாதியைக் குப்பைக் கூடையில் போட்டார். என்ன சுத்தமான வெட்டு. அறிவியல் மனப்பான்மை என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ரிசல்ட்: வலது கால் சிறப்பு.

எம்.ஆர். எடுக்கும்போது சிக்கல் வேறு மாதிரி வந்தது. உலோகம் எதுவும் ஆகாது என்று அரைஞாண் கயிற்றில் இருந்த வெள்ளித் தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள். சின்னக்கண்ணு கூச்சப்பட்டுக்கொண்டே கழற்றிக் கெங்கம்மாளிடம் கொடுத்தார். உள்ளே தள்ளினதும் போர்வெல் போடுகிற சத்தம். அவர் அதற்கெல்லாம் பயப்படவில்லை. ஆனால் நீட்டிப் படுத்தால் அவருக்கு இடது கால் தீயாய் எரியும், தொங்கப் போட்டால்தான் கொஞ்சம் ஆறும். அதனால் அந்தக் காலை ஓரமாகச் சரிய விட்டுக்கொண்டே இருந்தார். படம் கலைந்துபோயிற்று.

“அந்த வேண்டாத கால் தொந்தரவு பண்ணுது,” என்றார் தட்சிணாமூர்த்தி. பெல்ட் போட்டு இடது காலை இறுக்கிக் கட்டினார்கள். சின்னக்கண்ணு உள்ளே பல்லைக் கடித்தது மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. ரிசல்ட்: வலது கால் மிகச் சிறப்பு.

வெளியே வந்தபோது அவரால் செருப்பு மாட்ட முடியவில்லை. சுண்டு விரல் இப்போது ஊதாவாக இல்லை, கறுப்பாக இருந்தது. கெங்கம்மாள் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டார். “சில்லுனு கீதே,” என்றார். சென்டரில் ஏ.சி. அப்படி.

பேரவைக்கு அப்போதுதான் உண்மையான நெருக்கடி வந்தது. எல்லா மெஷினும் ஒரே முடிவைச் சொல்லிவிட்டன. அப்படியானால் எது உசத்தி? இரண்டு ஊரும் வென்றால் இரண்டு ஊரும் தோற்ற மாதிரிதானே. இரண்டாவது கூட்டத்தில் தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்குது. தங்கத் தரம்னு சொல்லுவாங்க. தொடை இடுக்குல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, ரத்தக்குழாய்க்குள்ளயே டியூப் வுட்டுப் பாக்கறது. அது சொன்னா அப்பீல் கிடையாது. பாண்டிச்சேரியில எனக்குத் தெரிஞ்ச எடம் இருக்கு.”

“எந்தக் காலில் ஓட்டை?” என்று நான் சடங்குக்காகக் கேட்டேன்.

“ஆய்வுக் கால்லதான்.”

கடைசி வரிசையில் கெங்கம்மாள் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேச அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் அந்தம்மாவுக்கு நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

“நானும் பாத்துக்கினேதான் இருக்கேன். இந்தப் பக்கம் ஒரு காலு அழுவிக்கினு போவுது. அதை ஒருத்தரும் தொட்டுக்கூடப் பாக்கலை. தலை சீவி பவுடர் போட்டாப்புல இருக்கற நல்ல காலையே தடவித் தடவிப் பாத்துக்கினு இருக்கீங்க. இப்ப அதுலயும் ஓட்டை போடணுங்கறீங்க. அதுவும் போச்சுன்னா இவரு கையை ஊணிக்கினா மூட்டை தூக்குவாரு? எழுந்திரு, போலாம்.”

“அம்மா, ஆராய்ச்சி பாதியில நிக்குது,” என்றார் கோதண்டபாணி.

“எங்க குடும்பமும்தான் நிக்குது,” என்றார் கெங்கம்மாள். புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். போண்டாவைக்கூடத் தொடவில்லை. ‘ஆய்வுப் பொருள் முன்னறிவிப்பின்றித் தலைமறைவு’ என்று பதிவு செய்து, கண்டனத் தீர்மானம் போட்டோம்.

அவர்கள் நேரே போனது அரசு ஆஸ்பத்திரிக்கு. அங்கே சூர்யகலா என்று ஒரு டாக்டர். சின்ன வயசு, பேரவை எதிலும் உறுப்பினர் இல்லை. நடந்ததைக் கெங்கம்மாளே பிற்பாடு மார்க்கெட் கமிட்டியில் எனக்குச் சொன்னார். படங்களை நீட்டியிருக்கிறார். டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது நல்ல காலாச்சே,” என்றிருக்கிறார்.

“ஆமாங்க. அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க.”

“நோவுறது எந்தக் கால்?”

அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். சின்னக்கண்ணுவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டதாம். இடது காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். டாக்டர் புறங்காலில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் கணுக்கால் பக்கம் வைத்துப் பார்த்தார். நாடி எங்குமே தட்டுப்படவில்லை. உடனே இடது காலுக்கு டாப்ளர் பார்த்து, ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அதே ‘தங்கத் தரம்’தான், ஆனால் படத்தில் கோடு அறுந்துபோன இடது பக்கத்தில். டியூபை உள்ளே விட்டு, அடைப்பில் பலூனை ஊதித் திறந்துவிட்டார்கள். சுண்டு விரலின் நுனி மட்டும் போயிற்று, கால் தப்பியது. பீடியை விட்டுவிட்டார் என்பது கூடுதல் தகவல். எங்கள் மெஷின்களெல்லாம் நல்ல மெஷின்கள்தான் என்பது இதிலிருந்து சந்தேகமில்லாமல் நிரூபணமாகிறது. இதை ஏன் பேரவையின் வெற்றியாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று நான் ஒரு குறிப்பு வைத்தேன். அவர்கள் பார்த்தது இடது கால் என்பதால் நிராகரிக்கப்பட்டது.

ஆய்வு முடிவை அறிவிக்கும் மாநாடு தடபுடலாக நடந்தது. தட்சிணாமூர்த்தி கோதண்டபாணிக்குப் பொன்னாடை போர்த்தினார், கோதண்டபாணி அதே பொன்னாடையைத் திருப்பி அவருக்குப் போர்த்தினார். ‘மூன்று முறைகளுக்கும் இடையே நூறு சதவீத ஒத்திசைவு’ என்று பேனர் கட்டியிருந்தோம். நோவாத காலில் நோவு இல்லை என்பதை இத்தனை உறுதியாக இதற்கு முன் உலகத்தில் யாரும் நிலைநாட்டியதில்லை. மேடைக்குப் பின்னால் வெட்டப்பட்ட அந்த வலது கால் படம் பெரிதாகத் தொங்கியது. எல்லாரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு மண்டபத்துப் படி ஏறும்போதுதான் என் கெண்டைக்காலை ஏதோ பிடித்து இழுத்தது. நின்றேன், விட்டுவிட்டது. ஏறினேன், இழுத்தது. அறிகுறிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை, ராத்திரியெல்லாம் விரலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது.

கோதண்டபாணியிடம் போனால் டாப்ளர் இலவசம். தட்சிணாமூர்த்தியிடம் போனால் மற்ற இரண்டும் இலவசம். நான் பேரவையின் செயலாளர். ஆகவே விடிந்ததும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆள் தெரியாமல், அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் சூர்யகலாவின் அறைக்கு முன்னால் வரிசையில் போய் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒருவர் மாஸ்க் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார். நகரும்போது கொஞ்சம் நொண்டினார். பார்த்தால் கோதண்டபாணி.

“சும்மா ஒருத்தரைப் பாக்க வந்தேன்,” என்றார்.

“நானும்தான் சார்,” என்றேன்.

அவருக்கும் முன்னால், கறுப்புக் கண்ணாடியும் குல்லாயுமாக ஒருவர் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றிருந்தார். விழுப்புரத்தில் இரண்டு மெஷின் வைத்திருப்பவர். எங்கள் குரலைக் கேட்டதும் குல்லாயை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள், அதாவது ‘கோரம்’, இருந்தது. வேண்டுமானால் பேரவைக் கூட்டத்தையே அங்கே நடத்தியிருக்கலாம்.

கதவு திறந்தது. செக்கப் முடிந்து சின்னக்கண்ணு வெளியே வந்தார். எங்கேயும் நிற்காமல், மடமடவென்று நடந்து வந்தார். கையில் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம். துண்டு, மாஸ்க், கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டி எங்களைக் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. ஆளுக்கு ஒரு பிடி மல்லாட்டையைக் கையில் கொடுத்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்தக் காலுங்க?” என்றார்.

மூன்று பேரும் அவரவர் காலை முன்னால் நீட்டினோம். யாராவது எங்களை அப்படி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா என்றுதானே அங்கே வந்து நின்றிருந்தோம்.